ஐசிஎஃப் ஸ்லீப்பர் பெட்டியை நீலத்திலிருந்து மெரூனுக்கு மாற்றுதல்: ஓப்பன் ரெயில்ஸ் ரீபெயிண்ட் சந்தேகங்கள்

ரேக்பிரியன்:

வணக்கம் நண்பர்களே. ஓப்பன் ரெயில்ஸ் என்ற ரயில் சிமுலேட்டருக்காக ஒரு நீல ஐசிஎஃப் (பெரம்பூர் தொழிற்சாலையின் பழைய வகை) ஸ்லீப்பர் பெட்டியை எடுத்து, அதற்கு முந்தைய மெரூன் லிவரியில் (வண்ண அமைப்பில்) ரீபெயிண்ட் செய்துகொண்டிருக்கிறேன். மூலப் பெட்டியின் ரீட்மீயில், இலவசமாக வெளியிடும் ரீபெயிண்ட்டுக்கு அனுமதி தந்திருக்கிறார்கள். கோப்புறையில் இருப்பவை: ஒரு எஸ் கோப்பு (பெட்டியின் வடிவம், அதாவது ஷேப்), ஒரு எஸ்டி (அதன் துணைக் கோப்பு), ஒரு வாக் (பெட்டியின் விவரங்கள்), மூன்று ஏஸ் (வடிவத்தின் மேல் ஒட்டும் டெக்ஸ்சர் படங்கள்). பாடி டெக்ஸ்சர் 1024க்கு 1024; போகியும் (பெட்டிக்கு அடியில் உள்ள சக்கரத் தொகுதி) உள்பக்கமும் 512. கிம்ப்பில் வரைந்து டிஜிஏவாகச் சேமித்து ஏஸ்இட் வழியாக ஏஸாக மாற்றுகிறேன்.

சிக்கல்கள் இவை:

1. டெக்ஸ்சருக்குப் புதுப் பெயர் கொடுத்தால் பெட்டி முழுக்க வெள்ளையாக வருகிறது.

2. நிறத்தை மாற்றிய பிறகும், ஜன்னல் வரிசையில் இருந்த வெளிர்நீலப் பட்டை வேறு ஒரு சாயலாகத் தெரிகிறது.

3. பெட்டி எண் ஒரு பக்கம் சரியாக வருகிறது. மறுபக்கம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி நிற்கிறது.

4. ஜன்னல் கம்பிகளைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு. சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் கம்பிகளே காணாமல் போகின்றன.

5. ரேக்காகக் கோத்தால் இரண்டு பெட்டிகளின் பஃபர்களுக்கு (முனையில் ஒன்றோடொன்று முட்டும் தாங்கிகள்) இடையே ஒரு சாண் இடைவெளி.

18 பெட்டி ரேக்குக்கு ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுக்க வேண்டும் என்பது ஆசை. பாடி டெக்ஸ்சரை 18 பிரதி எடுப்பதுதான் வழியா?

பொன்மலை_பெயிண்ட்ஷாப்:

முதல் கேள்வியிலேயே பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள், அதனால் அதை முதலில் பார்ப்போம்.

டெக்ஸ்சர் பெயர் வாக் கோப்பில் இல்லை, எஸ் கோப்புக்குள் இருக்கிறது. எஸ் கோப்பு பெரும்பாலும் சுருக்கப்பட்ட வடிவில்தான் வரும். ஷேப் ஃபைல் மேனேஜரில் அதை விரித்து, நோட்பேட் பிளஸ் பிளஸில் திறந்து, ‘இமேஜஸ்’ என்ற பகுதியைத் தேடுங்கள். உங்கள் பெட்டியில் அங்கே மூன்று பெயர்கள் இருக்கும். பாடி ஏஸின் பெயரை மட்டும் புதுப் பெயராக மாற்றிச் சேமியுங்கள். சேமிக்கும்போது என்கோடிங் யூடிஎஃப்-16 லிட்டில் எண்டியன், பாம் குறியுடன் இருக்க வேண்டும். வாக் கோப்புக்கும் இதே விதி. பிறகு எஸ் கோப்புக்கும் எஸ்டி கோப்புக்கும் புதுப் பெயர் வைத்து, எஸ்டியின் தொடக்கத்தில் ‘ஷேப்’ வரியில் இருக்கும் பெயரையும், வாக் கோப்பில் ‘வாகன்ஷேப்’ வரியையும் அதற்கேற்ப மாற்றுங்கள். வாக் கோப்பின் உள்ளே இருக்கும் பெயரையும் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் கன்சிஸ்ட் (ரயிலின் பெட்டி வரிசை) எடிட்டரில் நீலப் பெட்டியும் மெரூன் பெட்டியும் ஒரே பெயரில் நிற்கும்.

பெயர் எல்லாம் சரியாக இருந்தும் வெள்ளையாக வந்தால் டெஸ்க்டாப்பில் உருவாகும் ஓப்பன்ரெயில்ஸ்லாக் கோப்பைத் திறந்து பாருங்கள். எந்தக் கோப்பை எந்தக் கோப்புறையில் தேடிக் கிடைக்கவில்லை என்று அதிலேயே இருக்கும். இன்னொன்று: அதே பெயரில் டிடிஎஸ் (இன்னொரு வகை டெக்ஸ்சர்) கோப்பும் அந்தக் கோப்புறையில் கிடந்தால், விளையாட்டு ஏஸை விட்டு டிடிஎஸ்ஸை எடுக்கக்கூடும். அப்படியானால் நீங்கள் ஏஸை எத்தனை முறை திருத்தினாலும் திரையில் எதுவும் மாறாது.

இப்போது நிறம். நீங்கள் ஹ்யூவைத் திருப்பியோ, நிறத்தை நீக்கி மேலே மெரூனைப் பூசியோ செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அடர்நீலத்தின் பிரகாசமும் வெளிர்நீலத்தின் பிரகாசமும் வேறு வேறு. நிறத்தை நீக்கினாலும் அந்த வேறுபாடு சாம்பலில் அப்படியே நிற்கும், மெரூனுக்கு அடியில் பட்டையாகத் தெரியும். லெவல்ஸ் வைத்து இரண்டு பகுதியையும் சமப்படுத்தலாம். ஆனால் அடர்நீலப் பகுதியின் சராசரி 60 என்றால் அதை 200க்கு உயர்த்தும்போது, ஏஸ் சுருக்கத்தால் ஏற்கெனவே வந்திருக்கும் இரைச்சலும் மூன்று மடங்குக்கு மேல் பெருகிவிடும். தகடு முழுக்கப் புள்ளி விழுந்ததுபோல் இருக்கும்.

என் தீர்மானமான கருத்து: சுவர்ப் பகுதியைப் புதிதாகவே வரையுங்கள். பழைய டெக்ஸ்சரிலிருந்து ஜன்னல் சட்டம், கதவு, கைப்பிடி, வென்டிலேட்டர், படிக்கட்டு ஆகியவற்றை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். லேயர்களை இப்படி அடுக்கலாம். அடியில் தட்டையான மெரூன். அதற்கு மேல் மல்டிப்ளை முறையில் நிழல் லேயர்: கூரை ஓரத்துக்குக் கீழே ஒரு மெல்லிய இருட்டு, ஜன்னல் விளிம்புகளில் சிறு நிழல், சோல்பாருக்கு (சுவருக்கு அடியில் ஓடும் சட்டம்) அருகில் படிப்படியாக அடர்த்தி. அதற்கு மேல் தகட்டு இணைப்புக் கோடுகள், ஒளிபுகாத்தன்மை 15 முதல் 25 சதவீதம் போதும். அடுத்து வெட்டி எடுத்த ஜன்னல், கதவுகள். அடுத்து எழுத்துகள். எல்லாவற்றுக்கும் மேலே அழுக்கு: பிரேக் தூசியின் பழுப்பு, கழிப்பறைப் பக்கச் சுவரில் இறங்கும் கறை. எழுத்துக்கு மேலேயும் அழுக்கு கொஞ்சம் படிய வேண்டும். இல்லையென்றால் எண் நேற்று எழுதியதாகவும் பெட்டி பத்து வருடம் ஓடியதாகவும் தெரியும்.

மெரூனுக்கு 128, 0, 0 என்று போடாதீர்கள். விளையாட்டு டெக்ஸ்சர் நிறத்தை வெளிச்சத்தால் பெருக்குகிறது. பச்சையும் நீலமும் பூஜ்யமாக இருந்தால் எந்த வெளிச்சத்திலும் அவை பூஜ்யம்தான், பரப்பு உயிரில்லாமல் இருக்கும். 110, 38, 36 என்ற அளவில் தொடங்கி, மதிய வெயில், மேகமூட்டம், மாலை என மூன்று நேரத்திலும் ஓட்டிப் பார்த்துச் சரிசெய்யுங்கள். ஒரே ஒரு புகைப்படத்திலிருந்து நிறத்தை எடுக்க வேண்டாம். பழைய ஃபிலிம் ஸ்கேன்களில் மெரூன் செங்கல் நிறத்துக்கும் ஊதாவுக்கும் இடையே எங்கு வேண்டுமானாலும் போயிருக்கும்.

மூன்றாவது கேள்வி பெயிண்ட் சிக்கல் அல்ல, யூவி (படத்தின் எந்தப் பகுதி வடிவத்தில் எங்கே ஒட்டும் என்ற பொருத்தம்) சிக்கல். 1024 படத்தை 64 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எழுத்தும் எண்ணும் எழுதி, அதைப் பாடி ஏஸாகப் போட்டு ஷேப் வியூவரில் பெட்டியைச் சுற்றிப் பாருங்கள். இரண்டு பக்கச் சுவரிலும் ஒரே எழுத்துகள் வந்து, ஒரு பக்கம் மட்டும் அவை திரும்பியிருந்தால், மெஷ் (முப்பரிமாண வடிவம்) செய்தவர் ஒரே பட்டையை இரு பக்கமும் பிரதிபலித்திருக்கிறார். இதைத் தூரிகை பிடிக்கும் முன் செய்துவிடுவது நல்லது. எந்த இடம் எங்கே போகிறது, எது இரண்டு இடத்தில் வருகிறது, எது எங்குமே வரவில்லை என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பெரம்பூர்22297:

5வது கேள்விக்கு என் பெயரிலேயே பதில் இருக்கு. ஐசிஎஃப் பெட்டியின் நீளம் பஃபர் முதல் பஃபர் வரை 22,297 மிமீ. உடம்பு மட்டும் 21,337 மிமீ. அகலம் 3,245, தண்டவாளத்திலிருந்து உயரம் 4,025. போகி மையங்களுக்கு நடுவே 14,783, ஒரு போகிக்குள் சக்கர இடைவெளி 2,896, புதுச் சக்கர விட்டம் 915.

வாக் கோப்பில் ‘சைஸ்’ வரியில் மூன்று எண்கள் இருக்கும்: அகலம், உயரம், நீளம். பெட்டிகளை எவ்வளவு தள்ளி நிறுத்தணும் என்பதை அந்த மூன்றாவது எண்தான் முடிவு பண்ணுது. ஷேப்பில் பஃபர் நீளம் 22.297 மீட்டரா இருந்து சைஸில் 22.6 என்று இருந்தா, ஒவ்வொரு இணைப்பிலும் 30 செமீ வெற்றிடம். 18 பெட்டி ரேக்கில் 17 இணைப்பு, மொத்தம் 5 மீட்டருக்கு மேல ரேக் நீளமாயிடும். 22.297 என்று எழுதி, பின்னால் மீட்டர் குறியை இடைவெளி விடாமல் ஒட்டி எழுதுங்க. ஆனா முதலில் ஷேப் வியூவரில் உங்க மெஷ்ஷின் உண்மையான நீளத்தை அளந்துடுங்க. மெஷ்ஷே 22.1 மீட்டரா இருந்தா 22.1 தான் போடணும். பஃபர்கள் லேசாகத் தொட்டுக்கணும்னா இன்னும் 2, 3 செமீ குறைக்கலாம், அழுந்தின பஃபர் மாதிரித் தெரியும்.

கூடவே சக்கர ஆரத்தையும் பாருங்க. 0.4575 மீட்டர் வரணும். வேற பெட்டியின் வாக் கோப்பை நகல் எடுத்தவங்க இதை விட்டுடுவாங்க. அப்புறம் மெதுவாகப் போகும்போது சக்கரம் வழுக்கிக்கிட்டே ஓடுற மாதிரி இருக்கும்.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை, ஏன்னா ரீபெயிண்ட்டுகளில் நான் அதிகமாகப் பார்க்கிற பிழை இதுதான். ஐந்து இலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கம் கட்டின வருடம், அடுத்த மூன்றும் பெட்டி வகையைச் சொல்லும். ஸ்லீப்பருக்கு 201 முதல் 400 வரை. பொதுப்பெட்டிக்கு 401 முதல் 600. ஏசி இரண்டடுக்கு 051 முதல் 100, ஏசி மூன்றடுக்கு 101 முதல் 150. கார்டு அறையும் லக்கேஜும் உள்ள எஸ்எல்ஆர் 701 முதல் 800. அதனால் ஸ்லீப்பருக்கு 89243 சரி, 89443 தப்பு. மெரூன் ரேக்கில் 05 என்று தொடங்கும் எண்ணும் தப்பு. 18 எண் எழுதும்போது வருடங்களைக் கலந்து போடுங்க. உண்மையான ரேக்கில் எல்லாப் பெட்டியும் ஒரே வருடத்தில் கட்டினதா இருக்காது, அடுத்தடுத்த எண்ணாகவும் நிற்காது.

அரக்கோணம்_ஷெட்:

ஜன்னல் கம்பி விஷயத்தைப் பார்ப்போம். இதில் இரண்டு தனித்தனிக் காரணங்கள் இருக்கின்றன.

வெள்ளைக் கோடு வருவது, ஒளிபுகும் பிக்சல்களுக்கு அடியில் வெள்ளை நிறம் இருப்பதால். விளையாட்டு டெக்ஸ்சரைத் திரையில் வைக்கும்போது பக்கத்துப் பிக்சல்களின் நிறத்தைக் கலக்கிறது. ஆல்பா (பிக்சல் எவ்வளவு ஒளிபுகாதது என்ற அளவு) பூஜ்யமாக இருந்தாலும் அந்தப் பிக்சலுக்கு ஒரு நிறம் உண்டு, அது கம்பியின் விளிம்போடு கலந்துவிடுகிறது. எனவே அழிப்பானால் ஜன்னலைத் துடைக்காதீர்கள். ஜன்னல் முழுக்கக் கம்பியின் அடர்சாம்பலையே நிரப்பி, எங்கே புக வேண்டும் என்பதை லேயர் மாஸ்க்கில் மட்டும் சொல்லுங்கள். டிஜிஏவாக ஏற்றுமதி செய்த பிறகு அதைத் திரும்பத் திறந்து, ஆல்பாவை அணைத்துப் பாருங்கள். ஜன்னல் இடத்தில் சாம்பல் இருந்தால் சரி. வெள்ளையோ கறுப்போ வந்துவிட்டால் ஏற்றுமதியில் அடிநிறம் தொலைந்துவிட்டது என்று பொருள்.

கம்பிகள் மறைவது அளவுச் சிக்கல். 21.337 மீட்டர் உடம்பை 1024 பிக்சலில் விரித்தால் ஒரு மீட்டருக்கு 48 பிக்சல், அதாவது ஒரு பிக்சல் சுமார் 2 செமீ. ஜன்னல் கம்பி அதைவிட மெலிது. ஒரு பிக்சல் கம்பியை மிப்மேப்பில் (தூரப் பார்வைக்கான டெக்ஸ்சரின் சிறிய பிரதி) பாதியாக்கும்போது அதன் ஆல்பாவும் பாதியாகிறது. ஒரு பிட் ஆல்பாவாக இருந்தால் வரம்புக்குக் கீழே போன உடனே கம்பி காணாமல் போகிறது. 2048க்குப் போனால் ஒரு பிக்சல் 1 செமீ. அதிலும் கம்பியை 2 பிக்சல் தடிமனாக வரையுங்கள். இன்னொரு உபாயமும் உண்டு: கம்பிகளுக்கு இடைப்பட்ட இடத்தை முழுக்கத் திறக்காமல் 20 சதவீதம் அடர்த்தியாக விடலாம். தூரத்தில் கம்பி கரைந்தாலும் ஜன்னல் கறுத்தே தெரியும், கண்ணுக்கு அது போதும். ஆனால் இதற்கு எட்டு பிட் ஆல்பா வேண்டும்.

இங்கேதான் சுருக்கத்தைக் கவனிக்க வேண்டும். ஏஸை டிஎக்ஸ்டி1 சுருக்கத்தில் வைத்தால் ஆல்பா ஒரு பிட்தான். 20 சதவீதக் கண்ணாடி முழுத் துளையாகவோ முழுச் சுவராகவோ மாறிவிடும். ஓப்பன் ரெயில்ஸுக்கு மட்டும் செய்கிறீர்கள் என்றால் டிடிஎஸ்ஸில் டிஎக்ஸ்டி5 வைத்துக்கொள்ளலாம்.

டிஎக்ஸ்டி1 தொடர்பாக இன்னொரு நுணுக்கம். அது படத்தை 4க்கு 4 பிக்சல் தொகுதிகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் இரண்டு நிறங்களை மட்டும் சேமிக்கிறது, இடைப்பட்டவற்றை அவற்றின் கலவையாகக் கணக்கிடுகிறது. மெரூன், கிரீம் கோடு, கறுப்பு ரப்பர் மூன்றும் ஒரே தொகுதியில் விழுந்தால் மூன்றில் ஒன்று சேற்று நிறமாகிவிடும். கிடைக்கோடுகளின் விளிம்புகளை 4இன் மடங்கான பிக்சலில் நிறுத்துங்கள். இதைச் செய்தாலே கோடு கத்தியால் வெட்டியதுபோல் வரும்.

மிப்மேப்பை அணைத்தால் எண் தெளிவாக வருகிறது என்று சிலர் அணைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் ரயில் நகரும்போது கம்பிகளும் தகட்டுக் கோடுகளும் மினுமினுக்கும். அணைக்காதீர்கள்.

கடைசியாக, சுவர் முழுவதும் ஆல்பா உள்ள ஒரே மெட்டீரியலில் இருக்கிறதா என்று எஸ் கோப்பில் பாருங்கள். ஷேடர் (பரப்பை வரையும் முறை) பட்டியலில் டெக்ஸ்டிஃப், பிளெண்ட்ஏடெக்ஸ்டிஃப் என்று இரண்டு பெயர்கள் இருக்கும். சுவரும் கூரையும் முதலாவதில் இருக்க வேண்டும், கண்ணாடியும் கம்பியும் மட்டும் இரண்டாவதில். எல்லாமே இரண்டாவதில் இருந்தால் சில கோணங்களில் எதிர்ப்பக்கச் சுவரோ உள் இருக்கையோ மறைந்து, பின்னால் இருக்கும் நிலம் தெரியும். இதை எந்தப் பெயிண்ட்டாலும் சரிசெய்ய முடியாது.

ரேக்பிரியன்:

மிக்க நன்றி. வெள்ளைப் பெட்டி சரியாகிவிட்டது, லாக் கோப்பு பார்த்ததும் எழுத்துப்பிழை தெரிந்தது. சைஸ் வரியில் 22.58 இருந்தது, மாற்றியதும் பஃபர்கள் சேர்ந்துவிட்டன. கட்டம் போட்டுப் பார்த்ததில், பொன்மலை நண்பர் சொன்னதுபோல் இரண்டு பக்கமும் ஒரே பட்டையின் பிரதிபலிப்புதான். அப்படியென்றால் எண்ணை எழுதவே முடியாதா? இன்னொன்று, இதே மெஷ்ஷில் ராஜ்தானி சிவப்பைப் பூசி எல்எச்பி என்ற புதுவகைப் பெட்டியாக வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு நண்பர் கேட்கிறார்.

பொன்மலை_பெயிண்ட்ஷாப்:

எழுதலாம், ஆனால் பாடி டெக்ஸ்சரில் அல்ல. அதில் எண், ரயில்வேயின் குறி, இருக்கை எண்ணிக்கை என எழுத்து எதுவுமே இல்லாமல் சுவரைச் சுத்தமாக விட்டுவிடுங்கள். எழுத்துகளை ஒரு தனிக் குட்டி ஷேப்பாகச் செய்து பெட்டியின் மேல் ஒட்டுங்கள். உங்கள் 18 எண் கேள்விக்கும் அதுவே விடை.

பிளெண்டரில் ஒரு மீட்டருக்கு ஒரு அலகு என்ற அளவில், எண் இருக்கும் இடங்களில் நான்கு சிறு செவ்வகங்கள்: பக்கத்துக்கு இரண்டு. அகலம் 3.245 என்றால் சுவர் மையத்திலிருந்து 1.6225 மீட்டரில் இருக்கிறது. செவ்வகத்தை 1.632 அளவில் வையுங்கள், ஏறத்தாழ 1 செமீ வெளியே. 2 மிமீ மட்டும் விட்டால் தூரத்தில் சுவரும் எழுத்தும் மாறி மாறித் துடிக்கும். 3 செமீ விட்டால் பக்கவாட்டில் பார்க்கும்போது எழுத்து மிதக்கும். உங்கள் மெஷ்ஷின் சுவர் எந்த அளவில் இருக்கிறது என்று அளந்துவிட்டு வையுங்கள், என் எண் சரியான அகலமுள்ள மெஷ்ஷுக்கு. நான்கு செவ்வகங்களின் முகமும் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும், யூவியைப் பிரதிபலிக்காமல் தனித்தனியே வைக்க வேண்டும்.

டெக்ஸ்சர் 512க்கு 512 ஒன்று போதும். இரண்டு பத்தி, ஒன்பது வரிசை, ஒவ்வொரு எண்ணுக்கும் 256க்கு 56 பிக்சல். 18 எண்களும் ஒரே படத்தில் அடங்கிவிடும். ஒவ்வொரு பெட்டிக்கும் யூவியை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தி ஒரு எஸ் கோப்பு ஏற்றுமதி செய்யுங்கள். 18 எஸ் கோப்புகள் ஆகும், ஆனால் ஒவ்வொன்றிலும் எட்டு முக்கோணங்கள்தான். எழுத்தின் பின்னணி ஒளிபுகக்கூடியதாக இருக்கட்டும், அடிநிறமாக மெரூனையே நிரப்புங்கள். அரக்கோணம் நண்பர் ஜன்னலுக்குச் சொன்ன அதே காரணம்தான்.

ஒட்டுவதற்கு வாக் கோப்பில் ஓஆர்டிஎஸ்ஃப்ரைட்அனிம்ஸ் என்ற பகுதியைத் திறந்து, அதற்குள் ஃப்ரைட்அனிம்ஸ்டாட்டிக் ஒன்றைச் சேருங்கள். சப்டைப் டிஃபால்ட், ஷேப் பெயர், ஆஃப்செட் 0 0 0. சரக்கு வண்டியில் நிலக்கரிக் குவியலை வைப்பதற்கான வசதி இது, எழுத்துப் பலகைக்கும் நன்றாகவே உதவுகிறது. எடை எதுவும் கொடுக்க வேண்டாம்.

18 வாக் கோப்புகளையும் முழுசாக நகல் எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். ஓப்பன் ரெயில்ஸில் இன்க்ளூட் வசதி இருக்கிறது. ஒரு அடிப்படை வாக் கோப்பை வைத்து, மற்றவற்றில் முதல் வரியை வெறுமையாக விட்டு, இரண்டாவது வரியில் இன்க்ளூட் எழுதி, அதன் பிறகு பெயரையும் ஃப்ரைட்அனிம்ஸ் பகுதியையும் மட்டும் சேர்க்கலாம். பிறகு பிரேக்கிலோ எடையிலோ திருத்தம் வந்தால் ஒரே இடத்தில் செய்தால் போதும். முதல் வரியை வெறுமையாக விட மறந்தால் இன்க்ளூட் வேலை செய்யாது.

பெரம்பூர்22297:

எல்எச்பி கேள்விக்கு: வேண்டாம். சிவப்பும் சாம்பலும் பூசினதால் ஐசிஎஃப் எல்எச்பி ஆகாது. எல்எச்பி உடம்பு 23,540 மிமீ, கப்ளர் முதல் கப்ளர் வரை 24,000. ஐசிஎஃப்பைவிட 1.7 மீட்டர் நீளம். போகி மையங்களுக்கு நடுவே 14,900, அது ஏறக்குறைய அதேதான். ஆனா சக்கர இடைவெளி 2,560, அதாவது போகி குட்டை. அதிகமான நீளம் முழுக்க இரண்டு முனைகளிலும் போகிக்கு வெளியே தொங்குது. வளைவில் பெட்டி முனை வெளியே தள்ளிப் போற அந்தத் தோற்றம் ஐசிஎஃப் மெஷ்ஷில் வரவே வராது. பக்க பஃபர் கிடையாது, நடுவில் சென்டர் பஃபர் கப்ளர். ஐசிஎஃப் போகியின் காயில் ஸ்பிரிங், டாஷ்பாட் அமைப்பும் எல்எச்பியின் ஃபியட் போகியும் பார்த்த உடனே வேறுபடும். ஏசி பெட்டியின் பெரிய ஒட்டுக் கண்ணாடியை, கம்பி போட்ட ஸ்லீப்பர் ஜன்னல் மேல வரைஞ்சா பள்ளம் பள்ளமாத் தெரியும். புது மெஷ் பண்ணுங்க.

புதுசா பண்ணும்போது தடுக்கி விழுற இடங்கள் சிலதைச் சொல்றேன். பெட்டியின் நடு மையம் பூஜ்யத்தில், தண்டவாள மேல்மட்டம் உயரம் பூஜ்யத்தில். எல்எச்பிக்குப் போகி மையங்கள் முன்னும் பின்னும் 7.45 மீட்டரில், ஒவ்வொரு போகியிலும் அச்சுகள் அங்கிருந்து 1.28 மீட்டர் முன்னும் பின்னும். அச்சு உயரம் 0.4575. சக்கரத்தின் பிவட் சரியா அச்சு நடுவில் இருக்கணும், இல்லைன்னா சக்கரம் முட்டை மாதிரி உருளும். பெயர்கள் கட்டாயம்: மெயின், அதன் கீழ் போகி1, போகி2, போகி1இன் கீழ் வீல்ஸ்11, வீல்ஸ்12, போகி2இன் கீழ் வீல்ஸ்21, வீல்ஸ்22. ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதுங்க. சக்கரத்தைப் போகிக்குக் கீழே கோர்க்காம மெயினுக்குக் கீழே விட்டா, வளைவில் போகி திரும்பும், சக்கரம் நேரா நிற்கும். பிளெண்டரில் ஒன்றை டூப்ளிகேட் பண்ணினா பெயருக்குப் பின்னால புள்ளி 001 தானாச் சேரும். அதை நீக்காம ஏற்றுமதி பண்ணினா அந்தச் சக்கரம் சுத்தாது, எங்கேயும் பிழைச் செய்தியும் வராது. ஏற்றுமதிக்கு முன் கண்ட்ரோல் ஏ கொடுத்து ஸ்கேலையும் ரொட்டேஷனையும் அப்ளை பண்ணிடுங்க.

அரக்கோணம்_ஷெட்:

புது மெஷ் செய்யும்போது பக்கச் சுவர் இரண்டுக்கும் தனித்தனி யூவி கொடுத்துவிடுங்கள். இடம் மிச்சப்படும் என்று பிரதிபலிப்பதால்தான் இந்த இழையே பிறந்தது. 2048 டெக்ஸ்சரில் ஒரு பக்கச் சுவர் சுமார் 280 பிக்சல் உயரம்தான் எடுக்கும், இரண்டு சுவருக்கும் கூரைக்கும் முனைகளுக்கும் தாராளமாக இடம் இருக்கிறது.

நினைவகக் கணக்கு: 2048 டெக்ஸ்சர் டிஎக்ஸ்டி1இல் 2 எம்பி, மிப்மேப்போடு 2.7 எம்பி. சுருக்காமல் 32 பிட்டில் வைத்தால் 16 எம்பி, மிப்மேப்போடு 21 எம்பிக்கு மேல். 18 பெட்டிக்கும் தனிப் பாடி டெக்ஸ்சர் என்றால் முதல் வகையில் 48 எம்பி, இரண்டாவதில் 384 எம்பி. பொன்மலை சொன்ன எண் பலகை முறையில் பாடி ஒன்றே ஒன்று, கூடுதலாக ஒரு 512 படம். வேறுபாடு உங்களுக்கே தெரியும்.

முக்கோண எண்ணிக்கையைவிட மெட்டீரியல்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஒவ்வொரு உறுப்பிலும் ஒவ்வொரு மெட்டீரியலும் ஒரு தனி வரைதல் கட்டளை. நான்கு அச்சும் இரண்டு போகியும் ஒரே டெக்ஸ்சர், ஒரே ஷேடரில் இருந்தால் ஆறு கட்டளை. அவற்றில் மூன்று மெட்டீரியல் கலந்தால் பதினெட்டு. அதை 18 பெட்டியால் பெருக்கி, நிழல் வரைவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சந்திப்பு நிலையத்தில் பக்கத்து லைனில் இன்னொரு ரேக் நிற்கும்போது ஃபிரேம் விழுவது இதனால்தான். எல்ஓடி (தூரத்துக்கேற்ப எளிமையாகும் வடிவம்) படிகள் குறைந்தது மூன்று வையுங்கள். 150 மீட்டருக்கு அப்பால் உள்பக்கமும் பிரேக் கியரும் தேவையில்லை, 500க்கு அப்பால் போகியை ஒரு பெட்டி வடிவமாகச் சுருக்கிவிடலாம்.

பொன்மலை_பெயிண்ட்ஷாப்:

வெளியிடும்போது மூலக் கோப்புறையின் பெயரையே வைக்காதீர்கள். அதே பெயரில் நிறுவினால் நீலப் பெட்டி வைத்திருப்பவர்களின் எஸ் கோப்பையும் ஏஸையும் மேலெழுதிவிடும், அவர்கள் கன்சிஸ்ட் எல்லாம் மெரூனாகிவிடும். புதுக் கோப்புறை, புது ஏஸ் பெயர், புது எஸ் பெயர். மூல ரீட்மீயை அப்படியே உள்ளே வையுங்கள், மெஷ் செய்தவரின் பெயர் முதலில், உங்கள் பெயர் அதற்குக் கீழே. அவர் ரீபெயிண்ட்டுக்குத் தந்த அனுமதி எஸ் கோப்பைச் சேர்த்துத் தரவும் பொருந்துமா என்று ரீட்மீயை மறுபடி வாசியுங்கள். பொருந்தாவிட்டால் டெக்ஸ்சர், வாக், எண் பலகை ஷேப்புகளை மட்டும் கொடுத்து, மூலப் பெட்டியை எங்கிருந்து எடுக்க வேண்டும், இமேஜஸ் பகுதியில் எந்தப் பெயரை மாற்ற வேண்டும் என்று எழுதிவிடுங்கள். மாதிரி கன்சிஸ்ட் ஒன்றும் சேருங்கள்: இரு முனையிலும் எஸ்எல்ஆர், நடுவில் உங்கள் ஸ்லீப்பர்கள்.